மலை ஓட்டம்: பிள்ளைகளை அனுப்பும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



நம் வாலிபர்களில் சிலர் ஓட்டக் குழுக்களில் சேர்ந்து, மலையில் நடக்கும் தொலைதூர ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறார்கள். “அனுப்பலாமா, ஆபத்து ஏதும் உண்டா?” என்று பெற்றோர் சிலர் டிரஸ்ட் அலுவலகத்தில் விசாரித்தார்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், ஓடுவது நல்லது. ஆனால் மலையில் ஓடுபவர் பத்திரமாக வீடு திரும்புவது அவருடைய கால் பலத்தால் மட்டும் ஆவதில்லை. வழியில் நின்று அவரை எண்ணிக் கணக்கு வைப்பவர்களின் பொறுப்பும் அதில் உண்டு.

அல்ட்ரா என்பது என்ன?

மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட ஓட்டம் எல்லாமே அல்ட்ரா மாரத்தான்தான். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல் என்று பல வகை உண்டு. பூண்டியிலிருந்து கோடைக்கானல் போவது ஏறத்தாழ ஒரு மாரத்தான். போய்த் திரும்பினால் அது அல்ட்ரா.

உலகில் பெயர்பெற்ற அல்ட்ரா, தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921-இல் 34 பேர் ஓடித் தொடங்கினார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 90 கிலோமீட்டர் அளவுள்ள மேடு பள்ளமான சாலை. 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. அனுபவமுள்ள ஒருவர் முன்னால் சீரான வேகத்தில் போவார். தனியாக முடிக்க இயலாதவர்கள் அவர் பின்னால் கூட்டமாகச் சேர்ந்து ஓடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘பஸ்’ என்றே பெயர். எங்கே நடக்க வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று முன்னால் போகிறவர் சொல்லிக்கொண்டே போவார்.

நம் மாநிலத்தில் சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்களும் இப்படிச் சேர்ந்து ஓடிப் பழகுகிறவைதான். அவர்கள் நடத்தும் சென்னை மாரத்தான் வழியாக, முதல் வகை நீரிழிவு உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலின் கிடைக்க உதவியிருக்கிறார்கள். ஓட்டத்தால் இப்படி ஊருக்கும் நன்மை வரலாம்.

ஏற்பாடு தவறினால் என்ன ஆகும்?

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். மதிய வேளையில் திடீரென்று கடும் காற்று, ஆலங்கட்டி, உறைபனி மழை. பலர் உடலில் மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையும்தான். காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயம் என்று விதி இல்லை. கனத்த உடைகளைப் பலர் வெகுதூரத்தில் உள்ள நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தார்கள். ஆபத்து நேர்ந்த இடமோ வண்டி ஏற முடியாத செங்குத்தான பாதை. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். அவர்களில் அந்நாட்டின் முதல்தர ஓட்டக்காரர்களும் இருந்தார்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரை அழைத்துப்போய், நெருப்பு மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். அவருக்கு ஓட்டப் பயிற்சி எதுவும் இல்லை. வழியில் ஓர் ஆள் இருந்ததும், அவரிடம் நெருப்பும் போர்வையும் இருந்ததும் ஆறு உயிர்களைக் காத்தன.

பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததும் நமக்கு மறக்கவில்லை. மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது.

நம் மலையிலும் மழை, மூடுபனி, குளிர் எல்லாம் சொல்லாமல் வரும். காட்டுமாடு குறுக்கே வரும். பல வளைவுகளில் செல்போன் சிக்னல் கிடையாது. பெரிய சிகிச்சைக்குக் கோடைக்கானலுக்கோ அதற்கும் கீழேயோதான் போக வேண்டும். வெயிலில் தோட்ட வேலை செய்து பழகிய உடம்பு என்று நாம் இதை இலேசாக எண்ணக்கூடாது. பல மணி நேரம் ஓடிக் களைத்த உடம்பில் சூடு உண்டாக்கும் சக்தி குறைந்திருக்கும். நனைந்த துணியும் காற்றும் இருக்கிற சூட்டையும் பறித்துவிடும். பேச்சு குழறுவதும் கால் தடுமாறுவதும் முதல் அடையாளங்கள். நடுக்கம் தானாக நின்றுபோனால் ஆபத்து முற்றிவிட்டது என்று பொருள். உடனே ஈர உடையை மாற்றி, கம்பளி போர்த்தி, நினைவு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

தண்ணீரும் நோன்பும்

“நிறையத் தண்ணீர் குடி” என்று சொல்லி அனுப்புவோம். அதிலும் அளவு வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் என்னும் உப்புச் சத்து குறைந்திருந்தது. தாகத்துக்கு மிஞ்சிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். உப்பு மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். தாகத்துக்குக் குடித்தால் போதும். வலி தெரியாமல் ஓட மாத்திரை போட்டுக்கொள்வது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதை அறவே தவிர்க்க வேண்டும்.

ரமலானில் பகல் நேரத் தொலைதூரப் பயிற்சி வேண்டாம். விரும்புகிறவர்கள் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்போ, திறந்த பிறகு சிறிது நேரம் கழித்தோ குறைந்த தூரம் மெதுவாக ஓடலாம். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் எந்த மாதமானாலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

பெயர் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. வனத்துறை அனுமதியும் காவல்துறை அனுமதியும் எழுத்தில் இருக்கின்றனவா?

2. வழியில் எத்தனை இடத்தில் ஆள் நிற்பார்கள்? ஒவ்வோர் இடத்திலும் ஓடுபவரின் எண் குறிக்கப்படுமா?

3. கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருவார்கள்?

4. மழைச் சட்டை, விசில், டார்ச் கட்டாயமா? புறப்படும் முன் சோதிப்பார்களா?

5. ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? வண்டி போகாத பாதையிலிருந்து ஆளை எப்படி இறக்குவார்கள்?

6. வானிலை கெட்டால் ஓட்டத்தை நிறுத்துவது யார் பொறுப்பு?

இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத குழுவோடு அனுப்ப வேண்டாம். பிள்ளையிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: பாதியில் நின்று திரும்பினால் வீட்டில் யாரும் கேலி பேச மாட்டோம். அந்தப் பயத்தால்தான் பலர் முடியாத நிலையிலும் ஓடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். பிறகு ஐந்து, பத்து கிலோமீட்டர் என்று மாதக்கணக்கில் கூட்டட்டும். அல்ட்ராவுக்கு அவசரம் இல்லை.

நாம் ஓடாவிட்டாலும் நமக்கு ஒரு வேலை உண்டு. நம் சாலையில் ஓடுபவர் யாராவது நனைந்து நடுங்கி நின்றால், எந்த ஊர், யார் என்று கேட்கும் முன் அவரை வீட்டுக்குள் அழைத்து, ஒரு கம்பளியும் சூடான டீயும் கொடுங்கள்.



செயலாளர்