ஒரு நூல், இரண்டு ஊசி

தோல்பையின் வாரில் ஒரு தையல் அறுந்ததுமே பக்கத்துத் தையல்களும் ஒவ்வொன்றாக நெகிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். தையல் இயந்திரம் மேல்நூலையும் கீழ்நூலையும் தோலின் நடுவே கொளுவிவிடுகிறது. மேல்நூல் மேலேயே ஓடும், கீழ்நூல் கீழேயே ஓடும். ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடி போய்விடும்.

குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை வேறு. நூல் ஒன்றுதான், இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து பக்கம் மாறும். நாம் வீட்டில் போடும் ஓட்டுத் தையலை இரண்டு முறை போட்டு, ஒன்றின் இடைவெளியை மற்றொன்றால் நிரப்பியது போல இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறு ஓட்டம் தோலை விடாது. 1837இல் பாரிஸில் சேணப் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மெஸ் நிறுவனம் இன்றும் கைப்பைகளை இப்படித் தைக்கிறது.

இதில் ஊசியைவிடத் துளைதான் முக்கியம். துணியில் ஊசி இழைகளை விலக்கிப் போகும், எடுத்ததும் இழைகள் மூடிக்கொள்ளும். தோலில் குத்தியது குத்தியதுதான். அதனால் முதலில் கவராயத்தால் ஓரத்திலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்ளே கோடு இழுத்து, அதே அளவு இடைவெளியில் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மிக நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவிடும். குத்தூசியின் அலகு சாய்சதுரமாக இருந்தால் நல்லது. சாய்வான கீறல் நூலை இறுக்கிப் பிடிக்கும்.

துளை தயாராக இருப்பதால் ஊசி மழுங்கலாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கூரான ஊசி முதலில் போன நூலையே குத்திவிடும். பிறகு அது இறுகாது. இரண்டாவது ஊசியை நுழைக்கும்போது முதல் நூலைச் சற்றுப் பின்னிழுத்து வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். மெழுகு உராய்வைக் குறைக்கும், தையல் நழுவாமலும் பிடிக்கும். எந்த ஊசி முதலில் என்ற வரிசையைக் கடைசிவரை மாற்றாதீர்கள். மாற்றினால் தையலின் சாய்வு கலைந்து, அந்த இடம் கண்ணை உறுத்தும். முடிவில் இரண்டு மூன்று துளை பின்னால் வந்து நூலை வெட்டினால் போதும்.

நம் தெருமுனையில் செருப்புத் தைப்பவர் கையில் இருப்பது நுனியில் கொக்கி வைத்த ஊசி. அடியிலிருந்து நூலை வளையமாக மேலே இழுத்து, அதற்குள் மறுமுனையைக் கோத்து இறுக்குவார். அது இயந்திரத் தையலுக்கு நெருங்கிய உறவு. நடந்துபோகிறவர் காத்திருக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு அந்த வேகம் அவசியம்.

புதிதாகப் பழகுகிறவர் பிரிந்த பை ஒன்றிலிருந்தே தொடங்கலாம். பழைய நூலை உருவி எடுங்கள். மூடாத துளைகள் வரிசையாக உங்களுக்காகக் காத்திருக்கும்; குத்தூசிகூட வேண்டியதில்லை.