ஆக்ஸில் மாற்றிய ஜீப்பில் சத்தமா?

மலைத்தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புகளில் பின் ஆக்ஸில் பழுதானால், வேறு வண்டியில் கழற்றியதை வாங்கிப் பொருத்துவது வழக்கம். அதன்பின் சத்தம் வந்தால் உடனே கிரவுன், பினியனைப் பிரிக்க வேண்டாம். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

* ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அல்லது விடும்போது மட்டும் ஊளைச் சத்தம்: கிரவுன், பினியன் பல் பொருத்தம் அல்லது பினியன் பேரிங்.
* வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் உறுமல்: சக்கர பேரிங்.
* கிளம்பும்போது 'டக்' சத்தம்: கிராஸ் ஜாயின்ட் தேய்வு அல்லது தளர்ந்த யு-போல்ட்.
* வேகம் கூடக்கூட அதிர்வு: புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் அல்லது சமநிலை.

இவற்றைவிட முக்கியமானது பல் விகிதம். கிரவுனில் 43, பினியனில் 8 பற்கள் என்றால் விகிதம் ஏறக்குறைய 5.38. முன் ஆக்ஸிலிலும் இதே விகிதம் இருக்க வேண்டும். மாறியிருந்தால், நான்கு சக்கர கியரைப் போட்டதும் முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்கும். கியர் பற்களோ ஷாஃப்ட்டோ உடையலாம். பாரம் ஏற்றி மலைப்பாதையில் போகும்போது இப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே இரு ஆக்ஸில்களின் பற்களையும் மெக்கானிக் எண்ணிச் சரிபார்க்கும்வரை அந்தக் கியரைப் போடாதீர்கள்.