அலைவாய் வாழ்வும் தன்வரலாற்று ஆவணப்படமும்

தன்வரலாறு என்பது ஒருவர் தம் வாழ்வைத் தாமே உரைப்பது. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ போன்ற நூல்களில் ‘நான்’ என்னும் குரலே அனைத்தையும் தாங்கி நிற்கிறது. எழுத்தை விடுத்துத் திரைப்படத்தைக் கருவியாகக் கொள்ளுங்கால் அக்குரல் யாதாகின்றது? அலையேறி வளர்ந்த இளைஞர் கூட்டமொன்றின் ஆவணப்படத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

‘டாக்டவுன் அண்டு இசட்-பாய்ஸ்’ என்னும் அப்படம் 2001இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் ஸ்டேசி பெரால்டா அக்கூட்டத்துள் ஒருவராய் வளர்ந்தவர். களம், கலிபோர்னியாவில் சாண்டா மோனிக்காவின் தென்பகுதியும் வெனிஸ் கரையும். காலம் 1970களின் இடைப்பகுதி. 1967இல் மூடப்பட்ட கடற்கேளிக்கைப் பூங்காவொன்றின் சிதைந்த தூண்களுக்கு இடையே அவ்விளைஞர் அலையேறினர். காற்றெழுந்து அலை கெட்டபின் சக்கரப் பலகையை எடுத்தனர். வறட்சியால் நீரின்றிக் கிடந்த நீச்சற்குளங்களின் வளைந்த சுவர்களே பின்னர் அவர்க்கு அலைகளாயின.

தம் கதையையே சொல்லும் பெரால்டா, கதையுரைக்கும் பொறுப்பை நடிகர் ஷான் பென்னிடம் அளித்துவிட்டார். தாம் நண்பர் நடுவே ஒரு சான்றாளராக மட்டும் அமர்கிறார். அகத்திணையில் புலவன் மாந்தர் கூற்றின் பின்னே மறைந்து நிற்றலோடு இஃது ஒருபுடை ஒக்கும். எனினும் அகத்தில் இயற்பெயர் சுட்டப்பெறாது. இப்படத்திலோ பெயர்களே புகழ்பாடுகின்றன. தற்புகழ்ச்சி சற்று மிகுதி என்பதே எம் கருத்து.

அழிந்த பூங்காவைப் படம் மீட்டுக்காட்ட இயன்றதற்குக் காரணம், அக்காலத்திலேயே கிரெய்க் ஸ்டெசிக் முதலியோர் எடுத்து வைத்த ஒளிப்படங்கள். நம் கரைக்கு வருவோம். மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியும் எண்ணூரும், தெற்கே திருவொற்றியூரும் இராயபுரமும் அலைவாய் ஊர்கள். துறைமுகம் எழுமுன் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கப்பால் நங்கூரமிட்டன. உடையும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொணர்ந்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அவற்றோடு கட்டுமரங்களும் இயங்கின. அலையேற்றம் அங்கே தொழில். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று 2012இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி, அத்தொழிலறிவு விளையாட்டாக மலர்ந்ததற்குச் சான்று.

வடகரை நிலை வேறு. கரையோர மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கியே நகர்வது. துறைமுகச் சுவர்கள் அதனைத் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் குவித்த இடங்களில், சிறுவர் மரக்கட்டையோடு அலையில் பாய்ந்து பழகுதற்குரிய மணற்சரிவு இல்லை.

இவ்வூர்களில் பிறந்தார் ஒருவர் தம் இளமையைப் படமாக்கின், முதியோர் பேச்சே அவர்க்குப் பெரும் ஆவணமாகும். வாடை, கொண்டல், கச்சான் எனும் காற்றுப் பெயர்கள் அகராதி ஏறிவிட்டன. அலை உடையுமுன் மரத்தைத் தள்ளும் நொடியைக் குறிக்கும் பேச்சு, அத்தொழில் செய்தார் வாயிலேயே கேட்டற்குரியது. முதுகலை மாணவர் அதனை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்கையில், பேசுவோர் ‘நாம்’ என்றனரா, ‘நாங்கள்’ என்றனரா என்பதனையும் குறித்துக்கொள்க. ஆங்கிலப் படத்தில் ஒரே சொல்லுள் மறையும் வேறுபாடு இது. கேட்பவரைக் கரைக்குள் சேர்த்தனரா, புறத்தே நிறுத்தினரா என்பது தமிழில் ஒரு சொல்லாலேயே விளங்கும்.