சாடிக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்

ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியான அந்தலூசியாவில், செவில், கோர்தோபா முதலிய நகரங்களில் கோடைகால உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜமாதலால், செந்திராட்சை மதுவை அம்மாதங்களில் அப்படியே அருந்த விரும்பாதவர்கள், அதில் ஆரஞ்சு, எலுமிச்சை, பீச் ஆகிய பழங்களை நறுக்கிப் போட்டு, சர்க்கரை கலந்து, குளிரவைத்துப் பருகுகிறார்கள். சாங்கிரியா என்னும் இந்தப் பானம் 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் மண்டபத்திலிருந்து அமெரிக்கா எங்கும் பிரசித்தி பெற்றது. செய்முறை வீட்டுக்கு வீடு வேறுபட்டாலும், எல்லாச் சாடிகளிலும் நிகழ்வது பழத்துக்கும் மதுவுக்குமான கொடுக்கல் வாங்கல்தான்.

நொதித்தலின்போது திராட்சையின் சர்க்கரை அநேகமாக முழுவதும் மதுசாரமாகிவிடுவதால், இனிப்பற்ற அந்த மதுவில் மூழ்கிய பழத்துண்டு தன் சர்க்கரையை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. பதிலுக்கு மதுவின் நிறமும் சாரமும் அதனுள் புகுகின்றன. சில மணி நேரம் ஊறிய பீச் துண்டொன்றை வெட்டிப் பார்த்தால், விளிம்பு கருஞ்சிவப்பாகவும் நடுப்பகுதி பழைய மஞ்சளாகவும் இருக்கக் காணலாம். வெறும் பழந்தானே என்று அதைக் குழந்தையின் கையில் கொடுப்பவர்கள், மதுவையே கொடுக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை.

ஆரஞ்சுத் தோலின் வாசனை, அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் அடங்கியிருக்கிறது. அவ்வெண்ணெயின் பிரதான அங்கமாகிய லிமோனீன் நீரில் எளிதில் கரைவதில்லையாதலால், தோலைச் சர்க்கரையோடு முதலில் கசக்கிவிட்டுப் பின்னரே மதுவை ஊற்றுவது நலம். ஆனால் தோலுக்கு அடியிலுள்ள வெண்சதையை விடாமல் நீக்க வேண்டும், அது கசக்கும். எலுமிச்சையின் அமிலமோ, சுவையோடு நில்லாமல், ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளின்மீது வினைபுரிந்து மதுவின் சிவப்பை மேலும் பிரகாசமாக்குகிறது.

விலையுயர்ந்த பழைய மதுவை இதற்குச் செலவிடுவது, என் அபிப்பிராயத்தில், வீண். குளிர்ச்சியில் வாசனைப் பொருள்கள் ஆவியாகி நாசியை எட்டுவது குறைகிறது, இனிப்பு மங்குகிறது, துவர்ப்போ, பாக்கை மென்றாற்போல் நாவைப் பற்றிக்கொள்கிறது. துவர்ப்புக் குறைந்த, மலிவான இளம் மதுவே உத்தமம். சோடாவைப் பரிமாறும் தருணத்தில், அதுவும் நன்கு குளிர்ந்த நிலையில்தான் சேர்க்க வேண்டும். 20 டிகிரி நீரைக் காட்டிலும் 0 டிகிரி நீர் ஏறக்குறைய இருமடங்கு கரியமில வாயுவைத் தன்னுள் தாங்குமல்லவா?

இப்பானத்தின் குளிர்ச்சிக்கு மது காரணமன்று. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது; குளிர்ச்சியின் பெரும்பங்கு அதனுடையதே. மதுசாரம் செய்வதெல்லாம் தோலின் இரத்த நாளங்களை விரித்து முகத்தைச் சிவக்கவைப்பதும், சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைப்பதுமே. வெயில் வேளையில் இரண்டும் வேண்டாதவை.

மதுவைத் தொடாதவர்கள் திராட்சைச் சாற்றைக் கொண்டு இதைச் செய்யலாம். எனினும் அச்சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை இருப்பதும், ஆரஞ்சிலும் பீச்சிலும் அதைவிடக் குறைவாயிருப்பதும் கருதத்தக்கவை. அங்கே பழம் சாற்றை இனிப்பாக்காது, சாறுதான் பழத்தை இனிப்பாக்கும். ஆகையால் சர்க்கரையை அறவே விட்டு, எலுமிச்சம்பழத்தை மட்டும் தாராளமாகப் பிழிந்துகொள்வது உசிதம்.