அன்னார் யார் என்று எழுதி வைப்போம்

வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், ரூங்காபி என அடுத்தடுத்து இருக்கும் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் எம்மவர் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. ஒரு வீட்டில் துக்கம் நடந்தால் மாலைக்குள் செய்தி எல்லா வீடுகளுக்கும் போய்விடும். முன்னர் ஊரில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்குக் காது கொடுத்திருந்தோம். இப்போது அதே வாசகங்கள் கைத்தொலைபேசியில் வருகின்றன. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெஸ்ட்மீட்டை வதிவிடமாகவும் கொண்டவர்; அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் அருமைத் தந்தையும் ஆவார். உறவு ஒன்றும் விடுபடுவதில்லை. ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது அதில் இராது.

எல்லோருடனும் கலகலப்பாகப் பழகிய ஒரு குடும்பத் தலைவர் மறையும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. அப்படிப்பட்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம். புதிதாக வரும் குடும்பத்தை விமான நிலையத்தில் நின்று கூட்டி வருவார். வெறும் வீட்டுக்குக் கட்டிலும் மேசையும் தேடிக் கொடுப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் நின்று பரிமாறுவார். செத்த வீட்டில் இருந்து கடைசியாகத்தான் புறப்படுவார். அவரைப் பற்றிப் பேச நூறு பேர் இருப்பார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லக் குறைவாக இருக்கும். அவர்கள் கண்டது வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிய தகப்பனை. ஊரில் அவர் உதைபந்தாட்டம் ஆடியதும், கோயில் திருவிழா நாடகத்தில் வேடம் கட்டியதும், தங்கைமாரைக் கரை சேர்க்கக் கொழும்பில் பட்ட பாடும் கூடப் படித்தவர்களுக்கும் அயலவர்களுக்குமே தெரியும். அவர்களோ ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஊரிலுமாகச் சிதறி இருக்கிறார்கள்.

இதற்கு எம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் கிரியைக்கு வருவோருக்கு ஒரு சிறு நூல் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் சொல்வோம். இறந்த திதியைக் கூறும் வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களும் நினைவு மலர் வெளியிடுவதுண்டு. பலர் வாங்கிய அன்றே அதை அலுமாரியில் வைத்து மறந்துவிடுகிறோம். ஆனால் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களோடும் பத்திரிகைகளோடும் இந்த மலர்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. ஓர் ஊரில் யார் யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதற்குப் பல வேளைகளில் வேறு சான்று கிடையாது.

அகதிகளாக வந்த எமக்கு இதன் அருமை கூடுதலாகத் தெரிய வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை உலகம் அறியும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறியபோது வீடு வீடாகக் கைவிடப்பட்ட சாதகக் குறிப்புகளுக்கும் கல்யாணப் படங்களுக்கும் கணக்கு இல்லை. பல குடும்பங்களில் பூட்டனாரின் பெயர் இன்று ஒரு வயோதிபரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது.

சிட்னியில் வாழ்ந்து 2014 நவம்பர் 26இல் மறைந்த எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை, தமது வாழ்க்கையைத் தாமே ‘வரலாற்றில் வாழ்தல்’ என்று இரண்டு பாகங்களில் எழுதி வைத்தார். எமது தகப்பன்மார் எழுத்தாளர்கள் அல்லர். கேட்டாலும் "என்னைப் பற்றி எழுத என்ன கிடக்கு?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காக நாமே எழுத வேண்டும்.

துக்க வீட்டாருக்கு அந்த 31 நாட்களில் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஆகவே நண்பர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்பது நல்லது. மாலையில் வந்து இருப்பவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு சம்பவம் எழுதச் சொல்லலாம். கூடப் படித்தவர், அயலவர், இங்கு கூட வேலை செய்தவர் என மூவரிடமாவது தொலைபேசியில் கேட்கலாம். ‘பரோபகாரி’, ‘எல்லோருக்கும் இனியவர்’ என்ற சொற்கள் எல்லாக் கல்வெட்டிலும் உண்டு. அவர் யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்று எழுதினால்தான் அவர் தெரிவார். அவருடைய முன்கோபமும், 304 விளையாடும்போது அளாப்பியதும் அதில் இருக்கலாம். வாசிப்பவர்கள் சிரித்து, பிறகு அழுவார்கள்.

ஒன்றில் மட்டும் அவதானம் தேவை. ஊரில் இருப்பவர்களின் பெயர், படம், முகவரி ஆகியவற்றை அவர்களைக் கேட்காமல் அச்சிடக் கூடாது. விசா விண்ணப்பம் முடியாமல் இருப்பவர்களையும் அப்படியே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்பினால் எழுதும் ஒரு வரி இன்னொருவருக்குச் சங்கடமாகிவிடலாம்.

பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. வரலாற்றுப் பகுதியை ஆங்கிலத்திலும் எழுதி, அந்த வேலையை அவர்களிடமே கொடுங்கள். எழுதும்போது கேள்வி கேட்பார்கள். கேட்கும்போது அப்பப்பாவை அறிவார்கள்.

இவை எல்லாவற்றிலும் மேலானது, ஆள் இருக்கும்போதே கேட்பது. வெஸ்ட்மீட் வைத்தியசாலைக்கு வருத்தம் பார்க்கப் போகிறோம். சாப்பிட்டீர்களா, நித்திரை வந்ததா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை பழைய படம் ஒன்றைக் கொண்டுபோய், இதில் நிற்பவர்கள் யார் என்று கேட்போம். அவர் சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோம்.