நுரை பொங்கும் தென்பெண்ணை: படுகையை மீட்க பணம் தருவது யார்?

ஓசூர்:

கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால் தண்ணீரோடு வெள்ளை வெளேர் என்று நுரையும் பொங்கி வருகிறது. 2024 மழைக்காலத்தில் தட்டிகானப்பள்ளி தரைப்பாலத்தையே நுரை மூடியது. போக்குவரத்து நின்றது.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணையில், பெங்களூர் சாக்கடை பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வந்து கலக்கிறது. சோப்புத் தூள் கலந்த அந்தத் தண்ணீர் மதகில் விழுந்ததும் நுரைக்கிறது.

ஆற்றையும் அதன் படுகையையும் மீட்க வேண்டும் என்றால் மறுப்பவர் யாரும் இல்லை. “சரி, வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கொடுப்பீங்களா?” என்று கேட்டால்தான் பேச்சு நின்று விடும்!

காவிரி குடிக்கும் ஊர்

காரணம் இருக்கிறது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. ஓசூர்காரர் குடிப்பது காவிரித் தண்ணீர். சிப்காட்டுக்கு ஷிப்டு பஸ் பிடிப்பவருக்குப் பெண்ணை என்பது பாலத்தைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் நாற்றம், அவ்வளவுதான்.

நஷ்டம் எல்லாம் கெலவரப்பள்ளி பாசனத்தில் இருக்கும் 8 ஆயிரம் ஏக்கர் விவசாயிகளுக்கு. அவர்கள் கையிலோ ரொக்கம் இல்லை.

படுகை எதற்கு?

வெள்ளம் வந்தால் ஆறு பரந்து ஓட வேண்டும். அதற்கு இயற்கை விட்டு வைத்த இடம்தான் கரையோரப் படுகை. அங்கே தண்ணீர் வேகம் குறைந்து தேங்கும். வண்டல் படியும். கிணறுகளில் ஊற்று ஏறும். அதை மண் கொட்டி மேடாக்கி மனை போட்டால், வெள்ளம் வேறு இடம் தேடும்.

2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து விடப்பட்டது. விழுப்புரம், கடலூர் பக்கம் கரையோர ஊர்கள் மூழ்கின. ஓசூரில் நாணல் நட்டால் அந்த வெள்ளம் நின்றிருக்குமா என்றால், நின்றிருக்காது. ஆனால் ஆற்றின் நீளத்துக்கும் படுகை சுருங்கினால் ஒவ்வொரு ஊரும் தன் வெள்ளத்தைக் கீழ் ஊருக்குத் தள்ளிவிடும்.

அமெரிக்காவில் 21 டாலர்

அமெரிக்காவில் டென்வர் நகருக்குக் கீழே சவுத் பிளாட் என்ற ஆறு ஓடுகிறது. அதில் 45 மைல் நீளத்தைச் சீர்செய்ய என்ன தருவீர்கள் என்று அங்குள்ள குடும்பங்களிடம் கேட்டார்கள். தண்ணீர் பில்லோடு சேர்த்து மாதம் சராசரி 21 டாலர் தரத் தயார் என்பது 2000-ல் வெளியான அந்த ஆய்வின் கணக்கு. (தருகிறேன் என்று சொல்வது வேறு, பில் வந்ததும் கட்டுவது வேறு!)

நம்மிடமும் குடிமராமத்து உண்டு. வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு ஏரிக்குப் போன வழக்கம் அது. 2017-ல் அரசு அதை மீண்டும் தொடங்கியபோது பத்தில் ஒரு பங்கை மக்கள் ஏற்க வேண்டும் என்றது. உழைப்பாகவும் தரலாம்.

3 கோடியும் 500 கோடியும்

50 ஆயிரம் குடும்பம் மாதம் 50 ரூபாய் தந்தால் வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். பெள்ளந்தூர், வர்த்தூர், அகரா ஏரிகளைச் சுத்தம் செய்ய 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கும்படி கர்நாடக அரசுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018-ல் உத்தரவிட்டது!

“நுரையை விடுறது அவங்க, துட்டு கொடுக்கிறது நாமளா?” என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நியாயம்தான். சாக்கடைக்குப் பொறுப்பு மேலே இருப்பவர்களுடையது. ஓசூரின் 3 கோடி அதில் கரையக் கூடாது. ஆனால் ஓசூரும் கிருஷ்ணகிரி அணைக்கு மேல் ஊர்தான். அங்குள்ள விவசாயியும் இதே கேள்வியை ஓசூரைப் பார்த்துக் கேட்கலாம்.

கரையை அளந்து கல் நடுவது, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது, நாணலும் வெட்டிவேரும் வைப்பது, கொட்டிய மண்ணை அள்ளுவது... இதெல்லாம் 3 கோடிக்குள் தொடங்கக் கூடிய வேலைகள்தான்.

கொடுத்த காசுக்குக் கணக்கு வருமா என்பதுதான் மிச்சமிருக்கும் சந்தேகம். கையில் ரசீது, ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் வரவு செலவு. அப்படி எழுதி வைத்தால் கடைக்காரர் 50 ரூபாயை நீட்டுவார். ரொக்கம் இல்லாத விவசாயி மண்வெட்டியோடு வருவார்.