சிட்ரேட் வற்றும் இடம்

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு 4-ஐத் தாண்டிவிட்டால், அந்தத் தாளைக் கையில் வாங்கும்போதே பலருக்குப் புற்றுநோய் என்று மனதில் முடிவாகிவிடுகிறது. உண்மை அப்படியல்ல. 4-க்கும் 10-க்கும் இடையே அளவு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புராஸ்டேட் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்கு வயதினால் சுரப்பி வீங்கியிருக்கலாம், தொற்று வந்திருக்கலாம். அந்த ஒருவர் யார் என்று அறிய நெடுங்காலம் இருந்த வழி பயாப்ஸிதான். ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசியால் திசு எடுப்பார்கள். அல்ட்ராசவுண்டில் கட்டி பெரும்பாலும் தெளிவாகத் தெரிவதில்லை. ஊசி விலகிப் போனால் இருக்கிற நோயும் தப்பிவிடும்.

அப்படியானால் வடிவத்தை விட்டுவிட்டு வேதியியலைப் பார்த்தால் என்ன? காந்த அதிர்வு நிறமாலையியல் அதைத்தான் செய்கிறது. எந்திரம் அதே எம்.ஆர்.ஐ.தான். வழக்கமான ஸ்கேன், நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் சமிக்ஞையைக் கொண்டு படம் வரைகிறது. நிறமாலையியலோ அந்த இரண்டையும் அடக்கிவிட்டு, அவற்றின் இரைச்சலில் அமுங்கிக் கிடக்கும் மற்ற மூலக்கூறுகளைத் தேடுகிறது.

புராஸ்டேட்டில் தேட வேண்டியது சிட்ரேட்டை. உடலின் மற்ற செல்கள் சிட்ரேட்டை எரித்து ஆற்றலாக்கிக்கொள்கின்றன. பெரிய நெல்லிக்காய் அளவே உள்ள இந்தச் சுரப்பியின் செல்கள் மட்டும் அதை எரிக்காமல் சேர்த்து வைத்து, விந்து நீரில் கலக்கின்றன. அவற்றில் மிகுதியாக உள்ள துத்தநாகம், சிட்ரேட்டை எரிப்பதற்கான நொதியைத் தடுத்து வைத்திருக்கிறது. புற்றாக மாறும் செல் முதலில் இழப்பவற்றில் ஒன்று இந்தத் துத்தநாகம். தடை நீங்கியதும் சிட்ரேட் எரிந்து வற்றுகிறது. செல்கள் வேகமாகப் பெருகிப் புதிய சவ்வுகளைக் கட்டுவதால் கோலின் உயர்கிறது. கோலினை ஒட்டியே கிரியாட்டினின் முகடும் எழுவதால், பிரிக்க முடியாமல் இரண்டையும் கூட்டி சிட்ரேட்டால் வகுக்கிறார்கள். அந்த விகிதம் ஏறிய இடத்தில் சந்தேகம் விழுகிறது. கத்தியோ ஊசியோ இல்லாமல், உயிருள்ள மனிதனின் உள்ளுறுப்பில் நடக்கும் வேதிவினையை இப்படிப் படிக்க முடிவதை நான் பெரும் சாதனையாகவே கருதுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் குர்ஹனேவிச் குழுவினர் 1996-இல் சுரப்பி முழுவதையும் ஒரு கன சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டங்களாகப் பிரித்து அளந்து காட்டினார்கள். டெல்லி எய்ம்ஸில், நிறமாலை சுட்டிய இடத்துக்கே பயாப்ஸி ஊசியைச் செலுத்திப் பார்த்தார்கள். நம்பிக்கை உச்சத்தில் இருந்தது.

2009-இல் வெளியான அமெரிக்கப் பன்மருத்துவமனை ஆய்வு அதை உடைத்தது. அறுவை சிகிச்சையில் அகற்றிய சுரப்பிகளோடு 110 பேரின் ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். கட்டி எந்தப் பகுதியில் என்று கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. மட்டும் பெற்ற மதிப்பு 0.60, நிறமாலையும் சேர்ந்தபோது 0.58. வெறும் ஊகத்துக்கே 0.50 கிடைக்கும். காரணங்கள் உண்டு. ஒரு கட்டத்துக்குள் சிறிய கட்டியும் நல்ல திசுவும் கலந்துவிடுகின்றன. முந்தைய பயாப்ஸியின் ரத்தக்கசிவு அளவைக் கெடுக்கிறது. அழற்சியும் புற்றைப் போலவே தோன்றும். மருத்துவமனைக்கு மருத்துவமனை கைத்திறனும் மாறும்.

கசப்பானாலும் அந்த ஆய்வு தேவைப்பட்டது. ஒரே நிபுணர் குழுவின் கையில் மட்டும் பலிக்கும் சோதனையை நோயாளிகள் மேல் சுமத்தக் கூடாது. 2012-இல் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளில் விருப்பத்தேர்வாக இருந்த நிறமாலையியல், 2015-இல் வந்த அடுத்த பதிப்பில் இடம்பெறவில்லை. நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் ஸ்கேன் முறைகள் முன்னுக்கு வந்தன. 2017-இல் 576 ஆண்களிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில், தீவிரமான புற்றுகளில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. சுட்டியது, வழக்கமான பயாப்ஸி 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. பி.எஸ்.ஏ. உயர்ந்தவர்கள் ஊசிக்கு முன் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

நிறமாலையியலும் ஓய்ந்துவிடவில்லை. சமிக்ஞையைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெருக்கிய கார்பன்-13 பைருவேட்டை, 2013-இல் அதே சான் பிரான்சிஸ்கோ குழு 31 நோயாளிகளுக்குச் செலுத்தியது. பயாப்ஸியில் புற்று உறுதியான இடங்களில் அது லாக்டேட்டாக மாறுவதை நேரடியாக அளந்தார்கள். அந்தப் பெருக்கம் ஓரிரு நிமிடங்களில் தேய்ந்துவிடும். அதனால் மருந்தைத் தயாரிக்கும் கருவி ஸ்கேன் அறைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வெகுசில ஆய்வு மையங்களால்தான் அது முடிகிறது.